சினை மீனும் புது வெள்ளமும்



பல ஆண்டுகளுக்கு முன்பு, ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மேட்டூர் அணைக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தேன். அணையைப் பார்த்தோம். பூங்காவில் ஊஞ்சல் ஆடினோம். கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டோம். திரும்பும் வழியில் ஒரு மீன் கடை. கடைக்காரர் பெரிய மீன் ஒன்றை எடுத்து அறுத்தார். உள்ளே மஞ்சளாக, ரவையைக் குழைத்து அடைத்து வைத்தது போல ஏதோ இருந்தது.

"இது என்ன டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"சினை. மீனோட முட்டை" என்றேன்.

"இத்தனை முட்டையா! அப்படின்னா எவ்வளவு பிடிச்சாலும் மீன் தீரவே தீராதுல்ல டீச்சர்?"

நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. "அப்புறம் சொல்றேன், ஏறு" என்றேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. அடுத்த ஆண்டு அவள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கான பதில் ஒரு வரியில் அடங்காது. ஓர் ஆண்டு முழுக்க அணையோடு கூடவே நடந்தால்தான் கிடைக்கும். வாருங்கள், நடப்போம்!

முதலில் அணையைத் தெரிந்துகொள்வோம்

மேட்டூர் அணையைக் கட்டத் தொடங்கியது 1925-ம் ஆண்டு. முடித்தது 1934-ம் ஆண்டு. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயரால்தான் இதை 'ஸ்டான்லி நீர்த்தேக்கம்' என்கிறோம். அணையின் நீளம் 5,300 அடி. நீர்மட்டம் 120 அடியைத் தொட்டால் அணை நிரம்பிவிட்டது என்று பொருள். அப்போது உள்ளே இருக்கும் தண்ணீர் 93.47 டி.எம்.சி.

டி.எம்.சி. என்றால் என்ன தெரியுமா? நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். அப்படி 93 மடங்குக்கும் மேலே! நிரம்பிய அணையின் தண்ணீர் சேலம், தருமபுரி, ஈரோடு என்று மூன்று மாவட்டங்களின் கரையைத் தொட்டு நிற்கும். பரப்பளவு 59 சதுர மைலுக்கும் அதிகம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தத் தண்ணீர் ஒரே அளவில் நிற்பதில்லை. ஏறும், இறங்கும். 2017-ம் ஆண்டு கோடையில் நீர்மட்டம் 30 அடிக்கும் கீழே போனது. அடுத்த ஆண்டே, 2018-ம் ஆண்டு ஜூலை 23-ம் தேதி, 120 அடியைத் தொட்டு அணை நிரம்பியது. இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்துதான் அங்கே மீனும் வாழ்கிறது, மனிதரும் வாழ்கிறார்கள்.

சித்திரை, வைகாசி: நந்தி தலை காட்டும் காலம்

கோடையில் தண்ணீர் உள்வாங்கும். நேற்று வரை பரிசல் போன இடத்தில் இன்று மாடு மேயும். தண்ணீர் மிகவும் குறையும் ஆண்டுகளில், கொளத்தூர் பக்கம் பண்ணவாடி பரிசல் துறையில் ஓர் அதிசயம் நடக்கும். நீருக்குள் இருந்து ஒரு பெரிய நந்தி சிலை தலை காட்டும். சற்றுத் தள்ளி, பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தெரியும்.

நீருக்குள் கோயிலும் ஆலயமும் எப்படி வந்தன? அவை நீருக்குள் கட்டப்பட்டவை அல்ல. அணை கட்டும் முன்பு அங்கே ஊர்கள் இருந்தன. தண்ணீரைத் தேக்குவதற்காக அந்த மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு மேட்டுக்குப் போனார்கள். நந்தி வெளியே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் சுற்று வட்டார மக்கள் குடும்பத்தோடு பார்க்கப் போவார்கள். நீங்களும் போனால் வேடிக்கை பார்ப்பதோடு, நமக்காக இடம் விட்டுப் போனவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விலகிய நிலத்தில் வண்டல் படிந்திருக்கும். அதை உழுது கம்பு, சோளம், எள் என்று விதைப்பவர்கள் உண்டு. வெள்ளம் வருவதற்குள் அறுவடை செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பயிர் தண்ணீருக்குத்தான்!

மீனுக்கு இது நெருக்கடியான காலம். பெரிய வீட்டில் இருந்த குடும்பம் ஒரே அறைக்குள் வந்தது போல, எல்லா மீன்களும் சுருங்கிய நீருக்குள் நெருக்கியடித்து இருக்கும். வெயிலில் தண்ணீர் சூடாகும். சூடான நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைவு. நெருக்கமாக இருப்பதால் வலையில் சுலபமாகச் சிக்கவும் செய்யும். சுலபமாகக் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் அள்ளிவிட்டால்? அதைக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்ப்போம்.

ஆனி, ஆடி: செந்நீர் வரும் காலம்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். மழை பெய்வது மேட்டூரில் அல்ல. மேற்கே குடகு மலையிலும் வயநாட்டிலும் கொட்டும். அங்கே கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பிய பிறகு, பிலிகுண்டுலு வழியாக, ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து எழுந்து, காவிரி மேட்டூருக்குள் நுழையும். முதல் வெள்ளம் மண்ணைக் கரைத்துக்கொண்டு செந்நிறமாக வரும்.

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்க வழக்கமாகச் சொல்லப்படும் நாள் ஜூன் 12. தண்ணீர் இருப்பைப் பொறுத்து அது மாறும். 2022-ம் ஆண்டு முன்னதாகவே மே 24-ம் தேதி திறந்தார்கள். 2024-ம் ஆண்டு தண்ணீர் போதாமல் ஜூலை 28-ம் தேதிதான் திறக்க முடிந்தது.

ஆடி 18 அன்று மேட்டூரில் கால் வைக்க இடம் இருக்காது. காவிரியில் நீராடி, அணைக்கட்டு முனியப்பன் கோயிலில் கும்பிட்டு, பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டு, பொரித்த மீன் வாங்கித் தின்று, பிள்ளைகள் தூங்கி வழிய வீடு திரும்புவார்கள்.

அதே நாட்களில் தண்ணீருக்குள்ளும் ஒரு பயணம் நடக்கிறது. கெண்டை இனத்து மீன்கள் பலவற்றுக்குத் தேங்கிய நீரில் முட்டையிடப் பிடிக்காது. ஓடும் வெள்ளம் வேண்டும். புது வெள்ளம் வந்ததும் சினை முற்றிய மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும், ஆறு ஆறாகவே ஓடும் இடத்தைத் தேடி. அங்கே முட்டையிடும். முட்டைகள் நீரோடு மிதந்து வந்து ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். குஞ்சு, சோற்றுப் பருக்கையை விடச் சின்னது!

அந்தக் குஞ்சுகளுக்குச் சாப்பாடு? கோடையில் மாடு மேய்ந்த நிலமும், கம்பு விளைந்த நிலமும் இப்போது நீருக்குள் போயிருக்கும். அங்கே கிடந்த சாணமும் தாளும் புல்லும் ஊறி மட்கும். அதனால் கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். அவைதான் குஞ்சுகளின் பால் சோறு. பார்த்தீர்களா, கோடையில் நிலம் வெளியே வந்தது மீனுக்கும் நல்லதாகவே முடிந்தது!

கணக்கு போடுவோமா?

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். கட்லா மீனின் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1 லட்சம் முட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 கிலோ மீன் என்றால் 3 லட்சம் முட்டை. அந்தச் சிறுமி மலைத்ததில் தப்பே இல்லை.

ஆனால் ஏன் இத்தனை முட்டை? பெரும்பாலானவை பிழைக்காது என்பதால்தான்! சில முட்டைகள் கரை ஒதுங்கிக் காயும். சிலவற்றைப் பூச்சிகள் தின்னும். குஞ்சுகளை வாளை விழுங்கும், விரால் விழுங்கும், நீர்க்காகம் விழுங்கும். லட்சத்தில் மிகச் சிலவே பெரிய மீனாகும். மீனிடம் இருப்பது செல்வம் அல்ல குழந்தைகளே, இழப்புக்கு ஈடு கட்டும் கையிருப்பு.

வெள்ளத்தை எதிர்த்து ஏறும் சினை மீனைப் பிடிப்பது மிகச் சுலபம். அது வரும் வழியும் தெரியும், வரும் நாளும் தெரியும். அந்த ஒரு மீனை முட்டையிடும் முன்பே பிடித்தால் நம் கையில் 3 கிலோ. ஆற்றுக்கு நஷ்டம் 3 லட்சம் முட்டை. முட்டையிட்ட பிறகு பிடித்தாலும் அதே மீன்தான் கிடைக்கும். சில வாரம் பொறுத்தால் போதும்.

கடலிலும் இதே நியாயம்தான். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. மீன் பெருகுவதற்கு நாம் கொடுக்கும் விடுமுறை அது.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை: குஞ்சு விடும் காலம்

சில ஆண்டுகளில் வெள்ளம் சரியாக வராது. வந்தாலும் இயற்கையாகப் பிறக்கும் குஞ்சுகள் இவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்துக்குப் போதாது. அதிலும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் காவிரியின் சொந்த மீன்கள் அல்ல. வேறு ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. அதனால் மீன்வளத் துறையினர் பண்ணையில் குஞ்சு வளர்த்து அணையில் விடுகிறார்கள். மேட்டூரிலேயே ஒரு மீன் விதைப் பண்ணை இருக்கிறது.

"தேங்கிய நீரில் இவை முட்டையிடாது என்றீர்களே, பண்ணைக் குளத்தில் மட்டும் எப்படி?" என்று கேட்கிறீர்களா? சபாஷ்! இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்கள் இந்திய விஞ்ஞானிகள். 1957-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி, ஒடிசாவில் உள்ள அங்குல் என்ற ஊரில், ஹீராலால் சவுத்ரி, அலிக்குஞ்ஞி ஆகிய இருவரும் ஒரு சோதனையில் வெற்றி கண்டார்கள். மீனின் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சின்னஞ்சிறு சுரப்பி இருக்கிறது. ஒரு மீனின் அந்தச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு மீனுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். வெள்ளம் வந்துவிட்டது என்று உடம்பே நம்பியது போல அந்த மீன் முட்டையிட்டது! அதன் நினைவாகத்தான் ஜூலை 10-ம் தேதியைத் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

பண்ணையில் பொரித்த குஞ்சை உடனே அணையில் விடுவதில்லை. நம் விரல் நீளம் வளரும் வரை காத்திருப்பார்கள். மிகச் சிறியதாக விட்டால் வாளைக்கு விருந்து வைத்தது போல ஆகிவிடும்.

தை, மாசி: வலை நிறைய வேண்டிய காலம்

பாசனத்துக்கு அணையை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28. மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கும். மாலையில் கரையில் நின்றால் மீனவர்கள் பரிசலில் கிளம்புவதைப் பார்க்கலாம். வட்டக் கூடை போன்ற பரிசல், ஒரு துடுப்பு, கால்மாட்டில் ஒரு குவியல் வலை. மீன்வளத் துறையிடம் உரிமம் பெற்றவர்கள்தான் இங்கே வலை போடலாம்.

பொழுது சாயும்போது வலையை நீரில் சுவர் போல நிறுத்துவார்கள். மேலே மிதவை, கீழே எடைக்குண்டு. இரவில் நூல் மீனின் கண்ணுக்குத் தெரியாது. கண்ணிக்குள் தலையை நுழைக்கும். உடம்பு பெரிதாக இருப்பதால் முன்னே போக முடியாது. பின்வாங்கினால் செவுள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இதற்குச் செவுள் வலை என்று பெயர். விடியற்காலையில் வலையை இழுத்து மீனைக் கழற்றி எடுப்பார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணி அகலமாக இருந்தால் சின்ன மீன் புகுந்து மறுபக்கம் போய்விடும். பெரிய மீன் மட்டுமே மாட்டும். கண்ணி சிறியதாக இருந்தால் விரல் நீளக் குஞ்சும் தப்பாது. அதனால்தான் குஞ்சுகளையும் சேர்த்து அரித்தெடுக்கும் சிறுகண்ணி வலைகளுக்கு அனுமதி இல்லை. 20 கிராம் குஞ்சை விட்டுவைத்தால் ஓராண்டில் அது ஏறக்குறைய 1 கிலோ ஆகும். 1,000 கிராமை 20 ஆல் வகுத்துப் பாருங்கள். 50 மடங்கு! எந்த வங்கி இவ்வளவு வட்டி தரும்?

உரிமத்துக்குப் பணம், வலைக்குப் பணம், இரவெல்லாம் குளிர் என்று பாடுபடும் மீனவருக்கு, யாரோ திருட்டுத்தனமாகச் சிறுகண்ணி வலை போட்டால் அடுத்த ஆண்டு வெறும் வலைதான் மிஞ்சும். அது அவர் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலும் தெரியும்.

திரும்பி வராத மீன்

மீன் தீருமா, தீராதா? தீர்ந்த கதை ஒன்று காவிரியிலேயே இருக்கிறது. வங்காளத்தில் 'இலிஷ்' என்று கொண்டாடுகிறார்களே, அந்த மீனுக்குத் தமிழில் உல்லம் என்று பெயர். அது கடலில் வாழும். முட்டையிட ஆற்றுக்குள் வரும். ஒரு காலத்தில் கடலிலிருந்து காவிரி வழியே ஏறி வந்தது. 1934-ல் அணை குறுக்கே எழுந்தது. மீனுக்கு மதில் ஏறத் தெரியாதே! மேட்டூர்ப் பக்கம் உல்லம் வருவது நின்றுபோனது. அதன் வயிற்றிலும் லட்சக்கணக்கில் முட்டை இருந்தது. இருந்தும் என்ன? முட்டையிட வழி இல்லாமல் போயிற்று.

அணையால் டெல்டாவில் நெல் விளைந்தது, ஊர்களுக்குக் குடிநீர் கிடைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைப் பெறும்போது இன்னொன்றை இழந்திருக்கிறோம். இனிமேலாவது இருப்பதைக் காக்க வேண்டாமா?

கரைக்குப் போனால் கவனம்!

சுற்றுலா போகும்போது இவற்றை மறக்காதீர்கள்:

* நீச்சல் தெரிந்தாலும் பெரியவர்கள் துணை இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். குளிக்க அனுமதித்த படித்துறையில் மட்டும் இறங்குங்கள்.

* தண்ணீர் வற்றிய இடத்தில் மேலே காய்ந்தது போல வெடித்திருக்கும். அடியில் சேறு ஆளை விழுங்கும். தெரியாத தரையில் ஓடாதீர்கள்.

* அணையில் தண்ணீர் திறந்தால் கீழே ஆற்றில் மட்டம் சட்டென்று உயரும். எச்சரிக்கைச் சங்கு கேட்டால் உடனே மேலே ஏறிவிடுங்கள். பாறையில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

* காவிரியில் முதலைகளும் உண்டு. மீனவர்கள் போக வேண்டாம் என்று சொல்லும் பக்கம் போகாதீர்கள்.

* பிளாஸ்டிக் பையையும் அறுந்த தூண்டில் நரம்பையும் கரையில் போடாதீர்கள். நீர்க்காகத்தின் காலில் அது சுற்றிக்கொள்ளும்.

செய்து பாருங்கள்

1. அடுத்த முறை மீன் கடைக்குப் போனால் மீனின் வாயைப் பாருங்கள். கட்லாவின் வாய் மேல் நோக்கி இருக்கும். அது நீரின் மேல் மட்டத்தில் மேயும். ரோகுவின் வாய் நேராக, உதட்டோரம் சுருக்கத்தோடு இருக்கும். அது நடு மட்டத்து மீன். மிர்காலின் வாய் சற்றுக் கீழ் நோக்கி இருக்கும், அடியில் மேயும். ஒரே வீட்டில் மூன்று மாடி, மூன்று குடும்பம். சண்டையே இல்லை!

2. நாளிதழில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெளியாகிறது அல்லவா? வாரத்துக்கு ஒரு நாள் அதைக் குறித்து வையுங்கள். வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணையுங்கள். ஓராண்டு முடிந்ததும் ஏறி இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். கோடு மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு மீன் படம் வரையுங்கள். அங்கேதான் சினை மீன் வெள்ளத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருக்கும்.

எங்கேயோ இருக்கும் என் மாணவியே, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: மீன் தீரும் அம்மா. முட்டை எத்தனை இருந்தாலும், முட்டையிட நேரமும் வளர நேரமும் கொடுக்காவிட்டால் தீர்ந்துவிடும். கொடுத்தால், உன் பிள்ளைகளும் ஓர் ஆடி மாதத்தில் அந்தக் கடைக்கு முன்னால் நின்று இதே கேள்வியைக் கேட்பார்கள். பஸ் வந்தாலும் பரவாயில்லை, நீ நின்று பதில் சொல்லிவிட்டுப் போ.